கனடாப் போனுக்கு ஏன் சிம் போட இடமில்லை? ஜி.எஸ்.எம்., சி.டி.எம்.ஏ., எல்.டி.இ.: ஓர் எளிய விளக்கம்

2009க்குப் பிறகு வன்னிக்கு ஊர் பார்க்க வந்த வெளிநாட்டு உறவுகள் சொக்லேட்டோடும் சாறியோடும் தங்கள் பழைய போன்களையும் கொண்டுவந்தார்கள். லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த போன் பெரும்பாலும் இங்கத்தைய சிம்மைப் போட்டதும் ஓடியது. கனடாவிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்குச் சிம் போடுகிற இடமே இருக்கவில்லை. "கனடாப் போன் எல்லாம் லொக்" என்று ஊரில் ஒரு முடிவு பரவியது. லொக் என்பது வேறு கதை. லொக் போட்ட போனைத் திறக்கலாம். சிம்முக்கு இடமே இல்லாத போனில் எதைத் திறப்பது? அந்தப் போன்கள் வேறொரு விதிப்படி கதைக்கச் செய்யப்பட்டவை.

அந்த விதிகள் என்ன, அவை ஏன் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தன, இன்றைக்கும் ஒரு போனை வாங்கும்போது அது நமக்கு ஏன் தேவை என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம். ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் கணக்கு வரும். வெறும் கூட்டலும் பெருக்கலும்தான், பயப்பட வேண்டாம்.

## நாலு விஷயம் ஒரே சட்டிக்குள்

"டயலொக் 4ஜி" என்று ஒருவர் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒட்டிச் சொல்கிறார். டயலொக், மொபிடெல், ஹட்ச் எல்லாம் கொம்பனிகள். கோபுரம் கட்டுவதும் சிம் விற்பதும் ரீலோட் காசு எடுப்பதும் அவர்கள் வேலை. 2ஜி, 3ஜி, 4ஜி என்பவை தலைமுறைகள். ஏறத்தாழப் பத்து வருடத்துக்கு ஒருமுறை தொழில்நுட்பம் ஒரு படி ஏறுகிறது. அந்தப் படிக்குப் போட்ட இலக்கம்தான் அது.

மூன்றாவது, நியமம். போனும் கோபுரமும் எப்படிக் கதைக்க வேண்டும் என்று எழுதிவைத்த பொது விதிக்கு நியமம் என்று பெயர். குரலை எப்படி இலக்கங்களாக மாற்றுவது, எந்தக் கணத்தில் அனுப்புவது, ஓடுகிற பஸ்சில் இருக்கும் போனை ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு எப்படிக் கைமாற்றுவது என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் அதில் இருக்கும். ஜி.எஸ்.எம்., சி.டி.எம்.ஏ., எல்.டி.இ. ஆகியவை நியமங்களின் பெயர்கள். ஒரே தலைமுறைக்குள் இரண்டு மூன்று நியமங்கள் மோதிக்கொண்டதும் உண்டு.

நாலாவது, அலைவரிசை. அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் மீடிறன் என்று படித்திருப்பீர்கள். 900 மெகாஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு 90 கோடி அதிர்வு. ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய மீடிறன்களின் துண்டுதான் அலைவரிசை.

ஒரு போன் ஓரிடத்தில் வேலை செய்ய நியமம், அலைவரிசை இரண்டும் பொருந்த வேண்டும். "4ஜி" என்று பெட்டியில் அச்சடித்திருப்பது இரண்டையுமே உறுதிப்படுத்தாது.

## குளம் ஒன்று, வயல் பல

சிறுபோகம் தொடங்குமுன் கிளிநொச்சியில் கூட்டம் போட்டு, இரணைமடுவில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். குளத்தில் இருப்பது இவ்வளவுதான், கேட்பவர்கள் அதிகம். வானலையும் அப்படித்தான். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒரு கொம்பனிக்கு ஒதுக்குவது ஒரு சின்னத் துண்டு. ஒரு கோபுரத்தின் கீழே நிற்கிற அத்தனை பேரும் அந்தத் துண்டுக்குள்தான் கதைத்தாக வேண்டும். நியமங்களுக்கிடையே நடந்த சண்டையின் நடுவில் இருந்தது இந்தப் பங்கீட்டுக் கேள்விதான்.

முதலில் கண்டுபிடித்த வழி, ஆளுக்கொரு வாய்க்கால். அலைவரிசையை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, ஒரு அழைப்புக்கு ஒரு கீற்று. நீங்கள் கதைக்காமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலும் அந்த வாய்க்கால் உங்களுக்குத்தான். வேறு யாருக்கும் பாயாது. 1981இல் ஸ்கண்டினேவிய நாடுகளிலும் 1983இல் அமெரிக்காவிலும் 1985இல் பிரித்தானியாவிலும் தொடங்கிய முதல் தலைமுறை வலையமைப்புகள் இப்படிப்பட்டவை. இலங்கைக்கு 1989இல் செல்டெல் கொண்டுவந்ததும் இந்த வகைதான். விலையோ, செங்கல் மாதிரி இருந்த அந்தப் போனின் பாரமோ சாதாரண ஆட்களுக்கானது அல்ல. வன்னிக்கும் அதற்கும் அந்தக் காலத்தில் ஒரு தொடர்பும் இல்லை.

## முறை வைத்துப் பாய்ச்சுவது: ஜி.எஸ்.எம்.

ஐரோப்பாவுக்கு வேறொரு தலைவலியும் இருந்தது. ஸ்கண்டினேவியாவில் ஒரு நியமம், பிரித்தானியாவில் இன்னொன்று, ஜேர்மனியில் வேறு, பிரான்ஸில் வேறு. எல்லை தாண்டினால் போன் செத்துவிடும். பொதுவான ஒன்றை உருவாக்க 1982இல் ஒரு குழு அமைத்தார்கள். 1987 செப்டெம்பரில் 13 நாடுகள் கோப்பன்ஹேகனில் ஒப்பந்தம் செய்தன. 1991 ஜூலை 1ஆம் திகதி பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹரி ஹொல்கெரி முதல் ஜி.எஸ்.எம். அழைப்பை எடுத்தார். இலங்கையில் 1995இல் டயலொக் இதே நியமத்தில் தொடங்கியது.

ஜி.எஸ்.எம். செய்தது என்ன? வாய்க்காலைக் கொஞ்சம் அகலமாக வெட்டி, எட்டு வயல்காரருக்கு முறை போட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு வாய்க்காலின் அகலமும் 200 கிலோஹேர்ட்ஸ். ஒருவரின் முறை நீடிப்பது ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கில் பாதியைவிடச் சற்றுக் கூட. அந்தக் கணத்துக்குள் போன், சுருக்கி வைத்திருந்த உங்கள் குரலைக் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். செக்கனுக்கு 217 தடவை இது நடக்கிறது. முறை வைப்பது காதுக்குத் தெரியாது, ஆனால் ஒரு சந்தர்ப்பத்தில் தெரியும்: பழைய நோக்கியாவை வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், அழைப்பு வருமுன்பே "டிக்-டிக்-டிர்ர்ர்" என்று இரையும். போன் தன் முறைக்கு முறை அலையைத் திறந்து மூடுகிற சத்தம் அது.

வாய்க்கால் கடைசியில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பிந்தும் என்பது கமக்காரருக்குத் தெரியும். ஜி.எஸ்.எம்முக்கும் அதே பிரச்சினை. தூரத்துப் போனின் அலை பிந்தி வந்தால் அடுத்தவரின் முறைக்குள் புகுந்துவிடும். ஆகவே கோபுரம், "நீ தூரத்தில் நிற்கிறாய், கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பு" என்று ஒவ்வொரு போனுக்கும் சொல்லும். அப்படி முன்கூட்ட ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். அதனால் சாதாரண ஜி.எஸ்.எம். கோபுரத்தால் 35 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிற போனோடு, சிக்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கதைக்க முடியாது.

இன்னொன்றும் ஜி.எஸ்.எம். தந்தது, சிம் அட்டை. உங்கள் இலக்கமும் கணக்கும் போனுக்குள் இல்லை, அட்டைக்குள். போனை மாற்ற எந்தக் கொம்பனியிடமும் கேட்கத் தேவையில்லை. என்னைக் கேட்டால், ஜி.எஸ்.எம். உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒலித்தரத்தைவிட இந்தச் சின்ன அட்டைதான் பெரிய காரணம்.

## எல்லோரும் ஒரே நேரத்தில்: சி.டி.எம்.ஏ.

இங்கே குளத்து உதாரணத்தை விட்டுவிட வேண்டும். கலந்த தண்ணீரை ஆளுக்கு ஆள் திருப்பிப் பிரிக்க முடியாது. கலந்த அலைகளைப் பிரிக்கலாம். சி.டி.எம்.ஏ. நிற்பது அந்த உண்மையில்.

அதில் தனி வாய்க்காலும் இல்லை, முறையும் இல்லை. எல்லாப் போன்களும் ஒரே அகலமான அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு, அதாவது கூட்டல் கழித்தல் ஒன்றுகளின் ஒரு தனி வரிசை, கொடுக்கப்பட்டிருக்கும்.

கணக்கு இதோ. முதல் ஆளின் குறியீடு +1, +1. இரண்டாம் ஆளின் குறியீடு +1, −1. முதலாமவர் "ஆம்" என்று சொல்ல விரும்பினால் தன் குறியீட்டை அப்படியே அனுப்புவார்: +1, +1. இரண்டாமவர் "இல்லை" என்று சொல்ல விரும்பினால் தன்னுடையதைத் தலைகீழாக்கி அனுப்புவார்: −1, +1. வானத்தில் இரண்டும் கூடிக் கோபுரத்துக்கு வருவது 0, 2.

கோபுரம் முதலாமவரைக் கேட்க, வந்ததை அவர் குறியீட்டால் பெருக்கிக் கூட்டும்: 0×1 + 2×1 = 2. விடை நேர் எண், ஆகவே "ஆம்". இரண்டாமவரைக் கேட்க: 0×1 + 2×(−1) = −2. மறை எண், ஆகவே "இல்லை". ஒன்றுக்குள் ஒன்று கலந்தும் இருவரும் தெளிவாகக் கேட்கிறார்கள். உண்மையான வலையமைப்பில் குறியீடுகள் மிக நீளமானவை, ஆட்களும் அதிகம். நடப்பது இதே பெருக்கலும் கூட்டலும்தான்.

இதில் ஒரு பலவீனம். கோபுரத்தடியில் நிற்பவரின் அலை பலமாக வந்தால் தூரத்தில் நிற்பவர் அமுங்கிப்போவார். ஆகவே ஒவ்வொரு போனுக்கும் "கூட்டு", "குறை" என்று செக்கனுக்கு 800 தடவை கோபுரம் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இது நடக்கிற காரியமே அல்ல என்று பல பொறியியலாளர்கள் சொன்னார்கள். 1985இல் தொடங்கிய குவால்கொம் என்ற அமெரிக்க நிறுவனம் செய்து காட்டியது. 1995இல் ஹொங்கொங்கில் முதல் வர்த்தக வலையமைப்பு வந்தது. அடுத்த வருடம் தென்கொரியா. அமெரிக்காவில் வெரைசன், ஸ்பிரின்ட் போன்ற பெரிய கொம்பனிகளும் இந்தப் பக்கம் சேர்ந்தன. வட அமெரிக்காவில் விற்ற சி.டி.எம்.ஏ. போன்களில் சிம் இல்லை. கணக்கு போனோடேயே பதிந்திருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முதல் தலைமுறை அலைவரிசையைக் கீற்றாக வெட்டியது, ஜி.எஸ்.எம். அதை நேரத்தாலும் பிரித்தது, சி.டி.எம்.ஏ. குறியீட்டால் பிரித்தது. பின்னைய இரண்டும் 2ஜிதான். ஒன்றின் போன் மற்றதன் கோபுரத்தோடு கதைக்காது.

## வன்னி வீட்டுக்குள் வந்த சி.டி.எம்.ஏ.

இலங்கையில் சி.டி.எம்.ஏ. என்றதும் மேசையில் இருக்கிற, சின்ன அன்ரனா வைத்த வீட்டுத் தொலைபேசிதான் பலருக்கு நினைவு வரும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து ஸ்ரீலங்கா டெலிகொம், சன்டெல், லங்கா பெல் ஆகியவை அப்படி விற்றதுதான் காரணம். அவர்கள் கையில் இருந்தது நிலையான தொலைபேசிக்கான அனுமதி. கம்பி இழுப்பதற்குப் பதிலாக, கடைசித் தூரத்தை மட்டும் வானலையால் கடந்தார்கள்.

போர் முடிந்து சனம் திரும்பி வந்த வன்னிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. வீடே தகரக் கொட்டிலாக இருந்த காலத்தில், ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் தூண் நட்டுக் கம்பி இழுத்து முடிய எத்தனை வருடம் ஆகியிருக்கும்? ஒரு கோபுரம் எழுந்தால் சுற்றியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் ஒரேயடியாக இணைப்புக் கிடைத்தது. சிதறிய குடியிருப்புகள் உள்ள இடத்துக்கு, 35 கிலோமீற்றர் என்ற அந்தக் கண்டிப்பான எல்லை இல்லாத நியமம் வசதிதான்.

ஆனால் அந்த மேசைத் தொலைபேசியும் நியூயோர்க்கில் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்த வெரைசன் போனும் ஒரே குடும்பத்து நியமத்தில் ஓடியவை. வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அனுமதி தந்த கட்டுப்பாடு, தொழில்நுட்பத்தின் குணம் அல்ல.

## லண்டன் போனும் கனடாப் போனும்

இப்போது கனடாப் புதிர் தானாக அவிழும். ஐரோப்பா முழுவதும் ஜி.எஸ்.எம். என்று அரசுகளே சேர்ந்து முடிவெடுத்துவிட்டன. 900 மெகாஹேர்ட்ஸ் துண்டையே அதற்காக ஒதுக்கினார்கள். லண்டன் போனும் இலங்கைச் சிம்மும் ஒத்துப்போனது அதனால். அமெரிக்காவும் கனடாவும் "சந்தை தீர்மானிக்கட்டும்" என்று விட்டன. கனடாவில் ரொஜர்ஸ் ஜி.எஸ்.எம். பக்கம் போனது, பெல், டெலஸ் இரண்டும் சி.டி.எம்.ஏ. பக்கம் போயின. 2009 நவம்பரில்தான் அவை ஜி.எஸ்.எம். குடும்பத்து 3ஜிக்கு வலையமைப்புத் திறந்தன. ரொறன்ரோவில் சித்தப்பா எந்தக் கொம்பனியில் இருந்தார் என்பதைப் பொறுத்தே அவருடைய போன் பரந்தனில் உயிரோடு இருக்குமா இல்லையா என்பது அமைந்தது.

லொக் என்பது இதற்கு மேலே இன்னொரு பூட்டு. தவணையில் கொடுத்த போனை வேறு கொம்பனியின் சிம்மில் ஓடவிடாமல் செய்கிற மென்பொருள் அது, கழற்றலாம். நியமம் போனின் உடம்பிலேயே இருக்கிறது.

## 3ஜி: எதிரியின் ஆயுதம்

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இணையத்துக்கு வேகம் தேவைப்பட்டபோது ஜி.எஸ்.எம். முகாம் தன் முறை வைக்கும் வழியை விட்டுவிட்டு, குறியீட்டால் பிரிக்கும் வழியையே எடுத்துக்கொண்டது. அதாவது உங்கள் போனில் "3ஜி" அல்லது "எச்" என்று குறி வந்தபோதெல்லாம், ஜி.எஸ்.எம். சிம்மைப் போட்டு நீங்கள் சி.டி.எம்.ஏ. உத்தியில்தான் கதைத்தீர்கள். "சி.டி.எம்.ஏ. தோற்றது" என்று சொல்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். தோற்றது அந்தப் பெயரிலான நியமக் குடும்பம்; உத்தி வென்றது. காப்புரிமைக்காக சுவீடன் நிறுவனமான எரிக்சனும் குவால்கொமும் வழக்காடி 1999இல் சமாதானமாயின. விற்ற பெரும்பாலான 3ஜி போன்களிலும் குவால்கொமுக்கு உரிமைப் பணம் போனது. நியமச் சண்டை என்பது பாதி பொறியியல் என்றால் மீதி இந்தக் காசு.

ஜப்பானில் 2001இல் தொடங்கிய இந்த 3ஜி, இலங்கைக்கு 2006இல் வந்தது. பெரும்பாலும் 2100 மெகாஹேர்ட்ஸில். மீடிறன் கூடக் கூட அலை தூரம் போவது குறையும், காட்டுக்குள் நுழைவதும் குறையும். டவுனில் "எச்" காட்டிய போன், ஏ9 வீதியை விட்டு நெடுங்கேணிப் பக்கம் காட்டுக்குள் இறங்கியதும் "ஈ"க்குப் போவதற்கு அது ஒரு காரணம். ஈ என்பது 2ஜி கோபுரத்தின் மெதுவான டேட்டா.

குறியீட்டு உத்திக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. எல்லோரும் ஒரே அலைவரிசையில் சேர்ந்து அனுப்புவதால், ஆள் கூடக் கூட இரைச்சல் கூடி, கோபுரத்தின் எல்லை சுருங்கும். வற்றாப்பளைப் பொங்கல் போல சனம் நெருக்கியடிக்கிற நாளில், ஓரத்தில் நிற்பவரின் 3ஜி முதலில் விழுவது இதனாலும்தான்.

## 4ஜி: ஒரு வழிக்கு வந்தது

4ஜிக்கு மூன்று போட்டியாளர்கள். ஜி.எஸ்.எம். குடும்பத்தின் எல்.டி.இ., கணினி உலகத்திலிருந்து இன்டெல் தள்ளிவிட்ட வைமக்ஸ், குவால்கொமின் யூ.எம்.பி. மூன்றுமே ஏறக்குறைய ஒரே உத்தியைத்தான் நம்பின: அகலமான அலைவரிசையை நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாக்கி, யாருக்கு எத்தனை இழை, எவ்வளவு நேரம் என்று கணத்துக்குக் கணம் பங்கிடுவது. ஆக, வெற்றியைத் தீர்மானித்தது உத்தி அல்ல, கூட்டம். உலகில் பெரும்பாலான கொம்பனிகளிடம் ஏற்கனவே ஜி.எஸ்.எம். இருந்தது, எல்.டி.இ. அவர்களுக்கு அடுத்த படி. சி.டி.எம்.ஏ. முகாமின் வெரைசனே எல்.டி.இ. பக்கம் தாவியதும், 2008இல் குவால்கொம் யூ.எம்.பி.யைக் கைவிட்டது. 2009 டிசெம்பரில் ஸ்டொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் எல்.டி.இ. தொடங்கியது. இலங்கையில் வீட்டு இணையத்துக்கு வைமக்ஸ் கொஞ்சக் காலம் ஓடியது. இன்று அந்த இடத்தில் எல்.டி.இ. ரவுட்டர். 5ஜியில் போட்டியே இல்லை, ஒரே நியமம்.

சரி, அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? நியமத்தின் சிக்கல் தீர்ந்தது. அலைவரிசையின் சிக்கல் அப்படியே இருக்கிறது. 2012இல் வந்த ஐபோன் 5 நல்ல உதாரணம். அமெரிக்கா, கனடாவில் விற்ற ஏ1428 என்ற மாதிரிக்கு 1800 மெகாஹேர்ட்ஸில் 4ஜி தெரியாது. ஐரோப்பாவில் விற்ற ஏ1429க்குத் தெரியும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இலங்கையில் கைத்தொலைபேசி 4ஜிக்கு முக்கியமான துண்டு 1800. ஆகவே கனடா ஐபோன் 5 இங்கே 3ஜியோடு நின்றுவிட்டது, எத்தனை தடவை செட்டிங்கைத் தோண்டினாலும்.

இதையும் சுருக்கினால்: 3ஜியில் உத்தி ஒன்றானது, 4ஜியில் நியமம் ஒன்றானது, அலைவரிசை மட்டும் நாட்டுக்கு நாடு வேறாகவே இருக்கிறது.

## போன் வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து வருகிற போனோ, கடையில் இருக்கிற பாவித்த போனோ, முதலில் மாதிரி இலக்கத்தைப் பாருங்கள். "கலக்ஸி", "ஐபோன்" என்ற பெயர் போதாது. செட்டிங்கிலோ பெட்டியிலோ இருக்கிற நீண்ட இலக்கத்தைத் தேடினால் எந்த அலைவரிசைகள் என்று வரும். 4ஜியில் 1800, 900 இரண்டும் இருந்தால் கைத்தொலைபேசிக்கு நல்லது. அப்புறம் லொக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது வோல்ட்டி. 4ஜி டேட்டாவுக்காகவே கட்டப்பட்டது, பழைய மாதிரிக் குரல் அழைப்பு அதில் இல்லை. குரலையும் டேட்டாவாக்கி 4ஜியிலேயே அனுப்பும் வழிக்குத்தான் வோல்ட்டி என்று பெயர். அது இல்லாத போன், அழைப்பு வந்ததும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் போய்க் கதைத்துவிட்டுத் திரும்பி ஏறும். ஜேர்மனி 2021இல் 3ஜியை மூடியது, அமெரிக்காவில் ஏ.டி. அன்ட் டி. 2022இல் மூடியது. பழைய வலையமைப்புகள் மூடப்படும் இடங்களில் இப்படிப்பட்ட போன்களுக்கு இறங்குவதற்குப் படி இருக்காது. போனில் வோல்ட்டி இருந்தாலும் உங்கள் கொம்பனியின் வலையமைப்பில் அந்த மாதிரிக்கு அது திறந்திருக்க வேண்டும் என்பதால், பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது.

கடையிலேயே சோதிக்கலாம். உங்கள் சிம்மைப் போட்டு, 4ஜி குறி வந்தபின் யாருக்காவது ஒரு அழைப்பு எடுங்கள். மணி அடிக்கும்போது திரையின் மேலே பாருங்கள். 4ஜி குறி அப்படியே நின்றாலோ வோல்ட்டி என்று காட்டினாலோ சரி. எச் அல்லது ஈ என்று மாறினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.